நோய்ச் சான்று இல்லாத கொய்யா

கன்னியம்மாளுக்கு அவலூர்ப்பேட்டை ரோட்டில் ஒரு ஏக்கர் கொய்யா. போன வருஷம் காய்ப்புக்குக் குறைவில்லை. பறித்து, பெட்டி பெட்டியாக அடுக்கி, வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டுப் பௌர்ணமிக்குக் காத்திருந்தாள். கிரிவலம் சுற்ற வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் ஒரு கொய்யா கடித்தால்கூட அவளுக்குப் போதும். பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு பழத்தில் மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி விழுந்தது. மறுநாள் அந்தப் பெட்டி முழுக்க விழுந்தது. அதற்கு மறுநாள் கூடம் முழுக்க. மாடுகளுக்குக் கொட்டினாள். மாடுகளும் ஒரு வேளைக்கு மேல் முகம் கொடுக்கவில்லை.

"பேசாம பிளாட் போட்டுடலாம், அண்ணி. நட்ட கல்லுக்குப் புள்ளி விழாது" என்றான் கொழுந்தன் முருகவேல். நிலத்தில் அவனுக்கும் பாத்தியதை உண்டு.

"இன்னும் ஒரு காய்ப்பு பார்க்கிறேன். அதுவும் போச்சுன்னா நானே கல்லு நடுறேன்" என்றாள் கன்னியம்மாள்.

அந்த ஒரு காய்ப்பை நம்பித்தான் அவள் வேங்கிக்காலுக்குப் போனாள்.

வேங்கிக்காலில் அரசு அலுவலகங்கள் ஜாஸ்தி. அவற்றுக்கெல்லாம் பின்னால், புதிதாக முளைத்த வீட்டு மனைகளுக்கு நடுவில் ஒரு கட்டடம் இருந்தது. அதன் பெயர் 'அறுவடைக்குப் பிந்தைய கனி நோய்த் தடுப்பு மற்றும் வாயுவழிப் பாதுகாப்பு ஒருங்கிணைந்த சிறப்பு மையம்'. கட்டடம் சிறியது, பெயர் பெரியது. அதனால் பெயர்ப்பலகை முன்சுவரில் தொடங்கி மூலையில் திரும்பிப் பக்கச் சுவரில்தான் முடிந்தது. ரோட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு 'அறுவடைக்குப் பிந்தைய கனி நோய்' என்பது மட்டும் தெரியும். ஊரில் எல்லோரும் அதை கேஸ் ரூம் என்று சொன்னார்கள்.

சித்திரையில் அங்கே ஒருநாள் பயிற்சி நடந்தது. வந்த விவசாயிகளுக்கு ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். மையத்தின் சிறப்பு அலுவலர் திருஞானம் மைக்கைப் பிடித்தார். வெள்ளைச் சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருப்பவர்.

"பூஞ்சை விவசாயியின் எதிரி. ஓசோன் பூஞ்சையின் எதிரி. எனவே ஓசோன் விவசாயியின் நண்பன். இந்த மையம் அந்த நண்பனின் இல்லம். குளிர்ந்த அறையில் இந்த வாயுவை அளவாகச் செலுத்தினால் பழத்தின் தோலில் பூஞ்சை வளராது. ஐந்து நாளில் அழுகும் கொய்யா பதினைந்து நாள் நிற்கும். இது அறிவியல்."

"நாங்க பழம் எடுத்தாரலாமா சார்?" என்று கேட்டாள் கன்னியம்மாள்.

அலுவலர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. தாராளமாகக் கொண்டு வாருங்கள் என்றார் திருஞானம். அவள் அதை நம்பிவிட்டாள்.

ஆவணி பௌர்ணமிக்குப் பதினோரு நாள் இருந்தது. காய் பச்சை மாறி வெளுக்கிற பக்குவத்தில், அடிபடாமல், காம்போடு பறித்தாள். நாற்பது பெட்டி வந்தது. சுப்பனின் குட்டியானை லாரியில் ஏற்றித் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் மையத்தின் வாசலில் இறங்கினாள். சுப்பன் அதே ஊர்க்காரன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

பதினொன்றரைக்குத் திருஞானம் வந்தார். ஒரு விண்ணப்பத்தை எடுத்துத் தானே நிரப்பத் தொடங்கினார். பெயர், ஊர், பழம், பெட்டி எண்ணிக்கை எல்லாம் ஆயிற்று. பேனா நின்றது.

"பழத்துக்கு என்ன நோய்?"

"நோய் ஒண்ணும் இல்லீங்க. நல்ல பழம்."

திருஞானம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நோய் இல்லையா? அப்புறம் ஏன் கொண்டு வந்தீங்க?"

"நோய் வராம இருக்கத்தான் சார்."

"அம்மா, நான் பொறுமையா விளக்குறேன். இது நோயிலிருந்து பாதுகாக்கும் மையம். நோய் இருந்தால்தான் அதிலிருந்து பாதுகாக்க முடியும். நோயே இல்லாத பழத்தை எதிலிருந்து பாதுகாப்பது? நாளைக்குத் தணிக்கையில், ஆரோக்கியமான பழத்துக்கு ஏன் அரசாங்க வாயுவைச் செலவழித்தாய் என்று கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்?"

"பயிற்சியில நீங்கதானே சொன்னீங்க..."

"பயிற்சியில் சொல்வது அறிவியல். இங்கே நடப்பது நிர்வாகம். பக்கத்துக் கதவில் நோயறிதல் பிரிவு இருக்கு. அங்க போய் நோய்ச் சான்று வாங்கிட்டு வாங்க."

பக்கத்துக் கதவில் இருந்த அம்மாள் ஒரு கொய்யாவை உருட்டிப் பார்த்தாள், முகர்ந்தாள், பூதக்கண்ணாடி வைத்தாள். "அருமையான பழம்மா. இதுக்கு எப்படி நோய்ச் சான்று தர்றது? வேணும்னா நோயின்மைச் சான்று தரேன்."

"அதைக் காட்டினா உள்ள வைப்பாங்களா?"

"அதைக் காட்டினா நிச்சயமா வைக்க மாட்டாங்க."

கன்னியம்மாள் திரும்பி வந்து, அப்படியானால் பழத்தை வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றாள். அதற்கும் வழியில்லை. விண்ணப்பத்துக்கு எண் போட்டாயிற்று. பரிசீலனையில் இருக்கும் பழத்தை வளாகத்தைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. திருஞானம் அதைப் புத்தகத்தில் எடுத்து விரலால் தொட்டுக் காட்டினார். நாற்பது பெட்டியும் வெளி வராந்தாவில் இறங்கின. வராந்தாவுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ். ஆவணி வெயில் அதைக் காய்ச்சியது. சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்ந்த அறையின் இயந்திரம் உம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அறையை ஓட்டுகிற பெண்ணின் பெயர் கவிநிலா. மையத்தில் வாயுவைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால் அவள் மட்டும் ஒப்பந்த ஊழியை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு வராந்தாவுக்கு வந்து கன்னியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரூம்ல எடம் இல்லையாம்மா?" என்று கேட்டாள் கன்னியம்மாள்.

"எடமா? வாங்க, காட்டுறேன்."

இரும்புக் கதவில் ஒரு கண்ணாடிச் சன்னல் பதித்திருந்தது. கன்னியம்மாள் அதில் முகத்தை வைத்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளை விளக்கு, வரிசை வரிசையாக எஃகு அடுக்குகள். ஒன்றிலும் ஒரு பழமும் இல்லை. கதவிடுக்கில் இடி இடித்து ஓய்ந்த பிறகு வருகிற மாதிரி ஒரு வாசனை.

"மூணு வருஷமா இப்படித்தான்கா. காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை காலி ரூமுக்கு கேஸ் விடுறேன். பதிவேட்டுல எழுதுறேன்."

"காலி ரூமுக்கு எதுக்கும்மா?"

"ரூமுக்குப் பூஞ்சை வரக் கூடாதாம்."

கன்னியம்மாள் வராந்தாவுக்கு வந்து பெட்டிகளின் மேல் ஈரச் சாக்கை விரித்தாள்.

புதன்கிழமை காலை அவள் பயந்தது நடந்தது. மூன்றாவது வரிசைப் பெட்டியில் ஒரு பழம், காம்புக்குப் பக்கத்தில் கரும்புள்ளி. மத்தியானத்துக்குள் இன்னும் நாலு பெட்டி. புள்ளி விழுந்த பழத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நோயறிதல் பிரிவுக்கு ஓடினாள். அந்த அம்மாள் மனதாரச் சந்தோஷப்பட்டு, பெரிய எழுத்தில் நோயின் பெயரை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள்.

திருஞானம் சான்றைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"அம்மா, இது நோய் பிடித்த பழம்!"

"ஆமாங்க. சான்று கேட்டீங்களே."

"சான்றைத்தான் கேட்டேன், நோயைக் கேட்கவில்லையே! இது பாதுகாப்பு மையம், ஆஸ்பத்திரி இல்லை. நோய் பிடித்த பழத்தை உள்ளே விட்டால் அறை என்ன ஆகும்? இந்த அறையின் வரலாறு உங்களுக்குத் தெரியுமா? மூன்று வருடத்தில் இந்த அறைக்குள் ஒரே ஒரு பழம்கூட அழுகியதில்லை. எந்த மாநிலத்தில், எந்த நாட்டில் இப்படி ஒரு சாதனை உண்டு? அப்படிப்பட்ட அறையை உங்கள் நாற்பது பெட்டிக்காக நான் பலி கொடுக்க முடியாது. விவசாயிகள் வருவார்கள், போவார்கள். அறை நிரந்தரம்."

"அப்ப நல்ல பழமும் வேணாம், கெட்ட பழமும் வேணாம். எந்தப் பழம் சார் உங்களுக்கு வேணும்?"

"கேள்வியை எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள்."

கன்னியம்மாள் எழுதிக் கொடுக்கவில்லை. வராந்தாவுக்கு வந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். சுப்பனைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் நாற்பது பெட்டியையும் கவிழ்த்து ஒவ்வொரு பழமாகப் பார்த்தார்கள். மிளகளவு புள்ளி இருந்தாலும் தனியே ஒதுக்கினார்கள். சந்தேகம் வந்தாலும் ஒதுக்கினார்கள். கவிநிலா சுத்தமான தண்ணீர் இரண்டு அண்டா பிடித்து வைத்தாள். கழுவி, நிழலில் உலர்த்தி, துடைத்து அடுக்கினால் இருபத்து மூன்று பெட்டி தேறியது. ஒதுக்கியதைப் பதினேழு பெட்டியில் போட்டு, திருஞானத்தின் அறைச் சன்னலுக்கு நேர் கீழே வரிசையாக அடுக்கினாள்.

சாயந்தரத்துக்குள் ஈக்கள் வந்துவிட்டன. முதலில் சன்னலுக்கு வந்தன. பிறகு கோப்புக்கு வந்தன. ஒன்று தேநீரில் விழுந்தது.

"இதை உடனே எடுங்கள்!" சன்னலிலிருந்து கத்தினார் திருஞானம்.

"எப்படி சார் எடுப்பேன்? பரிசீலனையில கீற பழத்தை வளாகத்தை உட்டு எடுக்கக் கூடாதே" என்றாள் கன்னியம்மாள். "நீங்கதானே புஸ்தகத்துல தொட்டுக் காட்டினீங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரிக்கு அவள் எதிர்ப்பேச்சுப் பேசினாள். பேசிய பிறகும் பயம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

திருஞானத்துக்கு ஈயைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மறுநாள் வியாழக்கிழமை மாநில விருதுக் குழு வருகிறது. சிறந்த பாதுகாப்பு அறைக்கான விருதை மையம் இரண்டு வருஷம் வாங்கியாயிற்று. மூன்றாவது வருஷம் குழு ஒரு புதிய நிபந்தனை போட்டிருந்தது. அறையில் பழம் இருக்க வேண்டுமாம்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு ஒரு வேன் வந்தது. அதிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கின. பிரித்தால் கொய்யா, மாம்பழம், ஆப்பிள், அன்னாசி. எல்லாம் பளபளவென்று ஒரே அளவு. சுப்பன் கீழே விழுந்த ஒரு மாம்பழத்தை எடுத்துக் கடிக்கப் போனவன், பல்லைத் தடவிக்கொண்டு, "அக்கா, பிளாஸ்டிக்கு!" என்றான்.

பிளாஸ்டிக் பழங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் அடுக்கில் உட்கார்ந்தன. கன்னியம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"சார், இதுக்கு இன்னா நோய்?"

"இது விளக்கப் பழம்" என்றார் திருஞானம். "விளக்கப் பழத்துக்குச் சான்று தேவையில்லை. மேலும் இந்தப் பழங்களிடம் ஒரு பெரிய குணம் இருக்கிறது. இவை மையத்தோடு ஒத்துழைக்கின்றன."

அன்று சாயந்தரம் குட்டியானையில் வீடு திரும்பிய கன்னியம்மாள், ஊர் எல்லை வந்ததும் சொன்னாள்:

"சுப்பா, காலையில வெள்ளன வண்டி எடு. எட்டு மணிக்கெல்லாம் அங்க இருக்கணும்."

"இன்னாக்கா பண்ணப் போற?"

"உள்ள வைக்கப் போறேன்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு வளாகத்து மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். சன்னலுக்குக் கீழிருந்த பதினேழு பெட்டியையும் ஒரு ஷாமியானாத் துணியால் மூடி மறைத்திருந்தார்கள். மாநிலக் குழு மூன்று பேர். ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு மாலை. ஊழியர் அத்தனை பேரும் கைதட்டுவதற்காக அங்கே உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். அறைப் பக்கம் கவிநிலா மட்டும்தான்.

கன்னியம்மாள் அவள் எதிரில் போய் நின்றாள். "கதவைத் திறம்மா. உன்னை யாராவது கேட்டா, அந்தப் பொம்பளை தள்ளிட்டுப் போயிட்டான்னு சொல்லு."

கவிநிலா ஷாமியானா பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்படியெல்லாம் சொல்ல மாட்டேங்கா. இந்த மாசத்தோட என் கான்ட்ராக்ட் முடியுது. மூணு வருஷமா காத்துக்கு கேஸ் விட்டிருக்கேன். ஒரு தடவை பழத்துக்கு விட்டுட்டுப் போறேன்."

திருஞானத்தின் வரவேற்புரை ஐம்பது நிமிஷம். அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. "இந்த மையம் விவசாயிகளுக்காகவே சுவாசிக்கிறது" என்று மைக்கில் கேட்டபோது மாம்பழங்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. "எங்கள் கதவு இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும்" என்றபோது பத்தாவது கொய்யாப் பெட்டி உள்ளே போயிற்று. "ஒரு விவசாயிகூட இதுவரை இந்த அறையைப் பற்றிப் புகார் சொன்னதில்லை, ஏனெனில் ஒருவரும் இதைப் பயன்படுத்தவில்லை, அதாவது, பயன்படுத்தும் அவசியம் ஏற்படாத அளவுக்கு நாங்கள் விழிப்புணர்வு ஏற்படுத்தியிருக்கிறோம்" என்றபோது இருபத்து மூன்றாவதும் போயிற்று. கவிநிலா கதவை இழுத்துச் சாத்தி, குளிரைச் சரிபார்த்து, வாயுவின் முழுச் சுற்றை ஓடவிட்டாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

முழுச் சுற்றின் சிவப்பு விளக்கு எரிந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு யாரும் கதவைத் திறக்கக் கூடாது. வாயு மனிதருக்கு ஆகாது. இந்த ஒரு விதியைத் திருஞானம் எழுதவில்லை. இயந்திரம் செய்தவர்கள் எழுதியது. அதனால் அதில் அர்த்தம் இருந்தது.

குழு அறையைப் பார்க்க வந்தது. சிவப்பு விளக்கைப் பார்த்ததும் திருஞானத்தின் முகம் வெளுத்தது. கண்ணாடியில் எட்டிப் பார்த்ததும் இன்னும் வெளுத்தது. உள்ளே ஒரு அன்னாசியும் இல்லை. எல்லாம் கொய்யா. கன்னியம்மாள் கதவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

குழுத் தலைவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பிரமாதம்! ஏழு மாவட்டம் பார்த்துவிட்டேன், திருஞானம். எல்லா இடத்திலும் பார்த்த உடனே பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடுகிறது. இது நிஜம் மாதிரியே இருக்கிறது. எங்கே வாங்கினீர்கள்?"

திருஞானம் சட்டைப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்தார்.

"ஒரே ஒரு குறை" என்றார் தலைவர். "பெரிசும் சிறிசுமாக இருக்கிறது. அடுத்த வருஷம் ஒரே அளவில் செய்யச் சொல்லுங்கள்."

"அது என் தோட்டத்துப் பழம் சார்" என்றாள் கன்னியம்மாள். "மரத்துல காய்ச்சது. இவங்க உள்ள வைக்க மாட்டேன்னாங்க. நானே வெச்சேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தலைவர் திருஞானத்தின் காதருகில் குனிந்து, "நடிப்புக்கு ஆளும் ஏற்பாடு செய்திருக்கிறீர்களா? இது கொஞ்சம் ஓவர்" என்றார். விருதை அங்கேயே கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

விருது கிடைத்த மயக்கம் தெளிந்ததும் திருஞானம் ஒரு முடிவுக்கு வந்தார். வாயு சுற்று முடிந்து ஞாயிற்றுக்கிழமை பச்சை விளக்கு எரிந்தது. அதன் பிறகு அறை வெறும் குளிரில் ஓடியது, காலை மாலை கொஞ்சம் வாயு. ஒரு பழத்திலும் புள்ளி இல்லை. தினம் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவாள் கன்னியம்மாள். அடுத்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. வியாழக்கிழமை அவள் வண்டியோடு வந்தபோது திருஞானம் கதவை மறித்துக்கொண்டு நின்றார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

"எங்கள் பதிவேட்டின்படி அறையில் விவசாயிகளின் பழம் எதுவும் இல்லை. உள்ளே வராத பழத்தை வெளியே அனுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது. இதில் கையெழுத்துப் போடுங்கள். அத்துமீறி நுழைந்தேன், அரசாங்க வாயுவை முறைகேடாகப் பழங்களுக்குப் பயன்படுத்தினேன், மன்னிப்புக் கோருகிறேன் என்று. அப்புறம் விசாரணை வைப்போம். மூன்று மாதத்தில் பழம் கிடைக்கும்."

கவிநிலா ஒரு ஓரமாக நின்றாள். ஏன் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று கேட்டு அவளுக்கும் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்.

கன்னியம்மாள் தாளை வாங்கினாள். எழுத்துக்கூட்டி, முழுக்கப் படித்தாள். மடித்து அவர் பையில், நான்கு பேனாவுக்குப் பக்கத்திலேயே செருகினாள்.

"மன்னாப்பு கேக்க மாட்டேன் சார். பழத்துக்குக் கேஸ் விட்டது தப்புன்னா, காலி ரூமுக்கு விட்டது இன்னா? சரி, அத்த உடுங்க. உள்ள பழமே இல்லைன்னு சொல்றீங்க, இல்ல?"

"பதிவேட்டின்படி இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இருக்குதா, இல்லியா?"

இருக்கிறது என்றால், நோய்ச் சான்று வாங்கிய விண்ணப்பத்தின் பழம் விருது வாங்கிய அறைக்குள் எப்படி வந்தது என்று எழுத வேண்டும். பிளாஸ்டிக்கைப் பற்றியும் எழுத வேண்டும். திருஞானம் பையில் செருகிய தாளைத் தொட்டுப் பார்த்தார்.

"இல்லை."

"அப்ப இல்லாத பழத்தை நான் எடுத்துக்கினு போறேன். தடுக்கணும்னா எதைத் தடுக்கிறீங்கன்னு எழுதி வெச்சுட்டுத் தடுங்க." அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவின் பிடியில் கை வைத்தாள். "சுப்பா, வண்டியைப் பின்னாடி எடு."

திருஞானம் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். முன்னும் பின்னும் புரட்டினார். அவர் கண்ணெதிரில் இல்லாத இருபத்து மூன்று பெட்டி ஒவ்வொன்றாக வெளியே வந்து வண்டியில் ஏறியது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டுச் சல்யூட் அடித்தார். யாருக்கு அடித்தார் என்று பிறகு விசாரித்தார்கள்.

பௌர்ணமியன்று மத்தியானமே செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு மரத்தடியில் கடை போட்டாள். மேல்தோல் இறுகி, உள்ளே நறுக்கென்று, மரத்திலிருந்து அப்போதுதான் பறித்த மாதிரி இருந்தது பழம். முருகவேல் ஒரு துண்டு வாயில் போட்டான். கத்தியை வாங்கி, உட்கார்ந்து, நறுக்கி மிளகாய்ப்பொடி தூவ ஆரம்பித்தான். இருட்டுவதற்குள் கடைசிப் பெட்டியும் காலி.

சேதி பரவ மூன்று நாள்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலை அவள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பப்பாளிக்காரர், எலுமிச்சைக்காரர், சீத்தாப்பழம் போட்ட இரண்டு அக்கா தங்கைகள். எல்லோருக்கும் வண்டியில் பெட்டி ஏறியிருந்தது. எல்லோருக்கும் ஒரே கேள்வி: அங்கே யாரைப் பார்க்க வேண்டும், என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

கன்னியம்மாள் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு முதல் வண்டியில் ஏறினாள்.

மையத்தின் கேட்டுக்கு முன்னால் ஏழு வண்டி வரிசையாக நின்றது. கவிநிலா உள்ளேதான் இருந்தாள். விளக்கின் நிறம் மாற்றத் தெரிந்த வேறு ஆள் கிடைக்காததால் அவளை நீக்கும் கோப்பு நகரவில்லை. அறைச் சன்னலில் திருஞானத்தின் தலை தெரிந்தது. எண்ணிப் பார்த்திருப்பார் போல, தலை உள்ளே போயிற்று. சன்னல் சாத்திக்கொண்டது.

வாட்ச்மேன் கேட்டருகில் வந்தார். "யாரைப் பார்க்கணும்மா?"

"யாரையும் பார்க்க வரல" என்றாள் கன்னியம்மாள். "இவங்களுக்குக் கதவு எங்க கீதுன்னு காட்டிட்டுப் போக வந்தேன்."